தங்கவயலின் சிறு பட்டறைகளும் அளவுக் கருவியும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில், பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் பங்காருபேட்டைச் சந்திப்பு அமைந்துள்ளது. மைசூரின் கமிஷனராக இருந்த பௌரிங் என்பாரின் பெயரால் முன்னாளில் இது பௌரிங்பேட்டை என வழங்கிற்று. பங்காரு என்னும் தெலுங்குச் சொல்லுக்குப் பொன் என்று பொருள். இங்கிருந்து பிரியும் கிளைப்பாதை 1894-இல் கோலார் தங்கச் சுரங்கங்களுக்காகவே போடப்பட்டது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று சுரங்கப் பகுதிகளின் பெயர்களைத் தாங்கிய சிறு நிலையங்களைக் கடந்து, 16 கிலோமீட்டரில் மாரிகுப்பத்தில் அது முடிந்துவிடுகிறது.

சுரங்கங்களுக்கு வேண்டிய யந்திரங்களையும் பண்டங்களையும் உள்ளே கொண்டுசெல்வதற்காகப் பிறந்த இப்பாதை, இன்று பெரும்பாலும் மனிதர்களை வெளியே கொண்டுசெல்கிறது. விடியுமுன் புறப்படும் வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூரின் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சென்று, இருட்டிய பிறகு வீடு திரும்புகின்றனர். இவர்களில் ஒரு பகுதியினருக்கேனும் சொந்த ஊரிலேயே வேலை கிடைக்க வேண்டுமாயின் அங்கே பொருள்கள் உற்பத்தியாக வேண்டும். பெரிய தொழிற்சாலை ஒன்றைக் கொண்டுவருவது ஊராரின் கையில் இல்லை. ஆனால் ஊரில் உள்ள சிறு பட்டறைகளுக்கு வேலை கிடைக்கச் செய்வதில் களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யக்கூடியது நிறைய உண்டு. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

சுரங்கம் வளர்த்த கைத்திறன்

தங்கவயலில் நவீன முறைச் சுரங்கத் தொழில் 1880-ஆம் ஆண்டையொட்டி, இங்கிலாந்தின் ஜான் டெய்லர் கம்பெனியாரின் நிர்வாகத்தில் வேரூன்றியது. வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்த தமிழ் மக்களே தொழிலாளருள் மிகுதி. 1902-இல் சிவசமுத்திரத்தில் காவேரியின் வீழ்ச்சியிலிருந்து எடுக்கப்பட்ட மின்சாரம் சுமார் 92 மைல் கம்பிவழி வந்து சுரங்கங்களை இயக்கிற்று. பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே இது நிகழ்ந்தது. சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தை எட்டின. அந்த ஆழத்தைப் பயன்படுத்தி 1965-இல் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயத்தை இங்கே பதிவு செய்ததை அறிவியல் ஆசிரியர்கள் அறிந்திருப்பர்.

1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசாங்கத்தின் வசமாயின; 1962-இல் மத்திய அரசாங்கத்திற்கு மாற்றப்பட்டன; 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001, பிப்ரவரி 28 அன்று வேலை நிறுத்தப்பட்டது. தங்கம் தீர்ந்துவிட்டதென்பதைவிட, அதை எடுக்கும் செலவு தங்கத்தின் விலையை மிஞ்சிவிட்டது என்பதே சரி.

சுரங்கம் என்றால் பாறையைக் குடைவது மட்டுமே என்று நினைப்பது தவறு. தரைக்கு மேலே அது பெரியதொரு யந்திரசாலை. தூக்கு யந்திரம், காற்றழுத்த யந்திரம், நீரிறைப்பி, கல்லரைக்கும் உலக்கைகள் எல்லாவற்றையும் இரவும் பகலும் பழுது பார்க்க வேண்டும். பாறை துளைக்கும் உளிகளை எடுத்துக்கொள்வோம். கோலாரின் பொன் படிகக்கல் நாளங்களில் உள்ளது. படிகக்கல் எஃகையும் தேய்க்க வல்லது. டங்ஸ்டன் கார்பைடு முனைகள் வழக்கத்திற்கு வருமுன், மழுங்கிய உளிகளை மேலே அனுப்பி, உலையிலிட்டுக் காய்ச்சி, முனை தட்டி, தோய்ச்சல் போட்டு மீண்டும் கீழே இறக்க வேண்டியிருந்தது. தோய்ச்சல் மிகுந்தால் முனை தெறித்துவிடும். குறைந்தால் சற்று நேரத்தில் மழுங்கிவிடும். தோய்த்த எஃகை மீண்டும் இளஞ்சூடு காட்டும்போது அதன் மேல் படரும் நிறத்தைக் கொண்டு கொல்லர் பக்குவம் அறிந்தனர். வைக்கோல் மஞ்சள் தோன்றினால் சுமார் 220 முதல் 230 டிகிரி. நீலம் தோன்றினால் ஏறக்குறைய 300 டிகிரி. வெப்பமானி இல்லாமலே வெப்பநிலையை அறிந்த கண் அது.

இத்தகைய திறன் ஒரு சுரங்க ஊரில் சேர்ந்துகிடக்கும் செல்வம். அதை ஊர் தன் பெயரில் வெளியே விற்க முடிந்ததா என்பதுதான் கேள்வி. கோலாருக்கு மேற்பார்வையாளர்களை அனுப்பிய இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே காம்போர்ன் என்ற சிற்றூரில் 1801-இல் தொடங்கிய ஹோல்மன் சகோதரர்களின் பட்டறை, அண்டைச் சுரங்கங்களுக்கு வேலை செய்து வளர்ந்து, பிற்பாடு உலகெங்கும் பாறைத் துளைப்பான்களை விற்கும் தொழிற்சாலையாயிற்று. கார்ன்வாலின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக நலிந்த பின்னரும் பல பத்தாண்டுகள் அது நடைபெற்றது. கோலாரிலோ பெரிய யந்திரங்கள் கப்பலில் வந்தன. அவற்றைப் பழுது பார்க்கும் அறிவு மட்டும் இங்கே வளர்ந்தது. அந்த அறிவும் சுரங்க நிர்வாகத்தின் மதிலுக்குள் இருந்ததே தவிர, அதன் பெயரால் தங்கவயலில் ஒரு ஹோல்மன் தோன்றவில்லை.

பெரிய ஆலையும் சிறு பட்டறையும்

1964-இல் மத்திய அரசாங்கம் பாரத் மண்வாரி யந்திர நிறுவனத்தை, அதாவது இன்று பெமல் என்று எல்லோரும் அழைக்கும் நிறுவனத்தை, நிறுவிற்று. அதன் பெரும் ஆலைகளுள் ஒன்று தங்கவயலில் உள்ளது. கிளைப்பாதையில் அதன் பெயரால் ஒரு நிலையமும் இருக்கிறது. புல்டோசர்களும் அகழ்வு யந்திரங்களும் இங்கே செய்யப்படுகின்றன. மாவட்டத்தின் வேறொரு மூலையில், பெங்களூர்–கோலார் நெடுஞ்சாலையருகே நரசாபுரத்தில் 2013-இல் ஹோண்டா இருசக்கர வண்டித் தொழிற்சாலை தொடங்கிற்று. கைபேசிகள் பொருத்தும் ஆலையும் அங்கே பின்னர் வந்தது. ஆகவே பெரிய ஆலைகளுக்குக் கோலார் மாவட்டத்தில் பஞ்சமில்லை.

ஒரு புல்டோசரில் ஆயிரக்கணக்கான உறுப்புகள் உண்டு. அவை எல்லாவற்றையும் எந்த ஆலையும் தானே செய்துகொள்வதில்லை, செய்தால் கட்டுபடியாகாது. பின், புஷ், தாங்கி, மூடி, குழாய் இணைப்பு, தகட்டு வேலை முதலியவை வெளிப் பட்டறைகளுக்குச் செல்கின்றன. அந்த வேலை பத்துக் கிலோமீட்டரில் உள்ள பட்டறைக்கு வருமா, நூறு அல்லது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போகுமா? தொலைவு இதைத் தீர்மானிப்பதில்லை. ஆலையின் கொள்முதல் அதிகாரி இரண்டே கேள்விகள் கேட்கிறார்: இந்த உறுப்பு வரைபடத்தின்படி இருக்கிறதா? அப்படி இருப்பதற்கு அத்தாட்சி எங்கே? கைத்திறனில் குறைவில்லாத பட்டறைகள்கூட இரண்டாவது கேள்வியில் தோற்றுவிடுகின்றன.

ஒரு பின்னின் வரலாறு

புல்டோசரின் சங்கிலித் தடத்தில் ஒவ்வொரு கண்ணியையும் அடுத்ததோடு இணைப்பது ஒரு பின். அதைச் சூழ்ந்து நிற்பது ஒரு புஷ். இவை மண்ணிலும் மணலிலும் ஓயாமல் உராய்கின்றன. மணலில் உள்ள படிகக்கல்லின் கடினம் மோஸ் அளவையில் 7. சாதாரண மென்எஃகின் கடினமோ 4 அல்லது 5. ஆகவே மென்எஃகால் செய்த புஷ் விரைவில் தேய்ந்து போகும். முழுவதும் கடினமான எஃகால் செய்தாலோ, யந்திரம் கல்லின்மேல் ஏறி இறங்கும் அதிர்ச்சியில் கண்ணாடிபோல் உடையும். மேற்புறம் கடினமாகவும் உட்புறம் உரமாகவும் இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு பழமையான உபாயம் உண்டு. கரிமம் குறைந்த, ஏறக்குறைய 0.2 சதவீதமே உள்ள எஃகை வேண்டிய வடிவில் கடைந்துகொண்டு, கரிமம் நிறைந்த சூழலில் 900 முதல் 950 டிகிரி வரை சூடாக்கி வைக்க வேண்டும். கரிமம் மேற்பரப்பின் வழியே மெல்ல உள்ளே ஊடுருவும். மூன்று நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம் செல்லும். இரு மடங்கு ஆழம் வேண்டுமாயின் இரு மடங்கு நேரம் போதாது. நான்கு மடங்கு வேண்டும். பிறகு எண்ணெயில் தோய்த்து, 150 முதல் 200 டிகிரியில் சிறிது நேரம் பதப்படுத்தினால், மேற்புறம் ராக்வெல் சி அளவையில் 55-க்கும் 60-க்கும் இடைப்பட்ட கடினத்தைப் பெறும். உட்புறம் மென்மை மாறாத உரத்தோடு நிற்கும்.

இங்கேதான் முதல் இடறல். பட்டறைக்காரர் கடைத்தெருவில் உருளைக்கம்பி வாங்குகிறார். ஈ.என். 353 என்ற இனம் இவ்வேலைக்கு ஏற்றது. ஈ.என். 8 என்பது ஏறக்குறைய 0.4 சதவீதக் கரிமம் கொண்டது. விலை குறைவு, எங்கும் கிடைக்கும், பார்வைக்கு இரண்டும் ஒன்றே. பெயர்ச்சீட்டு இல்லாத கம்பியை நம்பி வேலை செய்தால், தோய்ச்சலுக்குப் பின் உட்புறமும் இறுகி, பின் களத்தில் முறியும். சாணைக்கல்லில் தொட்டுப் பார்க்கும் பொறிச் சோதனை ஓரளவு உதவும். கரிமம் மிகுந்த எஃகின் பொறிகள் நுனியில் பூப்போல் வெடித்துச் சிதறும். குறைந்ததன் பொறிகள் நீண்ட கோடுகளாக ஓடும். தெரிந்த இனத் துண்டுகளை அருகில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் இது பட்டறைக்காரரின் எச்சரிக்கைக்கே பயன்படும்; கொள்முதல் அதிகாரிக்கு ரசாயனப் பகுப்பாய்வுச் சான்றிதழ் வேண்டும்.

இரண்டாவது இடறல் அளவில் உண்டாவது. 50 மி.மீ. துளைக்கு வரைபடத்தில் ‘எச் 7’ என்று குறித்திருந்தால், துளை 50.000 முதல் 50.025 மி.மீ. வரை இருக்கலாம், அதற்கு மேலோ கீழோ கூடாது. அதில் நழுவிச் சுழலும் தண்டுக்கு ‘ஜி 6’ என்றிருந்தால், அது 49.975-க்கும் 49.991-க்கும் இடையே இருத்தல் வேண்டும். மனிதனின் தலைமயிர் சுமார் 0.07 மி.மீ. தடிப்புடையது. அதில் மூன்றிலொரு பங்குதான் துளைக்கு அனுமதித்த சலுகை. 0.02 மி.மீ. நுட்பமுள்ள வெர்னியர் அளவியைக் கொண்டு இதைச் சோதிப்பது, படிக்கல்லால் குன்றிமணி நிறுப்பதைப் போன்றது.

வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். பொறியியல் அளவுகள் யாவும் 20 டிகிரி வெப்பநிலைக்கே உரியவை. எஃகு ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 11.5 பங்கு விரிகிறது. கடைசல் யந்திரத்திலிருந்து எடுத்தவுடன் 60 டிகிரிச் சூட்டில் இருக்கும் 50 மி.மீ. தண்டு, குளிர்ந்தபின் 0.023 மி.மீ. சுருங்கிவிடும். தண்டுக்கு அனுமதித்த முழுச் சலுகையும் 0.016 மி.மீ.தான். காலையில் சரியென்று எடுத்து வைத்தது மாலையில் தவறாகிப் போவதன் மர்மம் இதுவே. பொருள் ஆறியபின் அளப்பது என்னும் செலவில்லாத ஒழுக்கமே பல நிராகரிப்புகளைத் தடுத்துவிடும்.

பரிசோதனைக் கருவிகள் யாவற்றையும் ஒரு சிறு பட்டறை வாங்க இயலாது, வாங்கவும் வேண்டியதில்லை. வேண்டுவன ஒரு நல்ல திருகு அளவி, போகும்–போகாக் கேஜ்கள், செய்த அளவைத் தேதியோடு எழுதும் ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை. கடினச் சோதனை, ரசாயனப் பகுப்பாய்வு, அளவுக் கருவிகளைச் சரிபார்த்தல் ஆகியவற்றிற்கு அங்கீகாரம் பெற்ற பரிசோதனைச் சாலைகள் பெங்களூரில் உள்ளன. யந்திரத் தொழிலுக்கென்றே 1962-இல் தொடங்கிய மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிலையமும், 1972 முதல் இயங்கும் கர்நாடக அரசாங்கக் கருவிச்சாலைப் பயிற்சி நிலையமும் அந்நகரிலேயே இருக்கின்றன. காலை வண்டியில் செல்வோர் ஒருவரின் கைப்பையில் மாதிரித் துண்டு ஒன்றும் சேர்ந்து செல்லலாம். தனித்தனியே செல்வதைக் காட்டிலும், ஐந்தாறு பட்டறைகள் தம் மாதிரிகளைச் சேர்த்து வாரம் ஒருமுறை அனுப்பினால் செலவு பங்காகும். இந்த ஏற்பாட்டைத் தொடங்கி வைப்பது களப்பணியாளரின் அலுவலுக்குப் பொருத்தமானது.

சட்டம் தரும் இடம்

மத்திய அரசாங்கத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் ஒரு பகுதியைக் குறுந்தொழில், சிறுதொழில் நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற ஆணை 2012, ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அப்பகுதி முதலில் 20 சதவீதமாக இருந்தது. 2018-இல் 25 ஆக உயர்த்தப்பட்டது. இதற்குள் 4 சதவீதம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கும், 3 சதவீதம் மகளிர் நடத்துவனவற்றிற்கும் உரியது. டெண்டர் விண்ணப்பத்திற்குக் கட்டணமில்லை. முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்ட வகுப்பினர் பெருந்தொகையினராக வாழும் தங்கவயலில் இந்த 4 சதவீதத்தின் பொருளை விளக்கிச் சொல்ல வேண்டியது அவசியம்.

இவற்றைப் பெறுவதற்கு உத்யம் பதிவு வேண்டும். 2020, ஜூலை 1 முதல் இது நடைபெறுகிறது. கட்டணம் ஒன்றும் கிடையாது. பதிவு செய்து தருவதாகப் பணம் கேட்போரிடம் எச்சரிக்கையாக இருக்குமாறு பட்டறைக்காரர்களிடம் கூறுக. பொருளை ஏற்றுக்கொண்ட 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்றும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி கணக்கிடப்படும் என்றும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையானால் கெடு 15 நாட்களே. வாடிக்கையை இழக்க அஞ்சிச் சிறு பட்டறைகள் இவ்வுரிமையைக் கேட்கத் தயங்குவது இயல்பு. ஆயினும் பொருள் ஒப்படைத்த தேதிக்குக் கையெழுத்துப் பெற்று வைப்பதில் தயக்கத்திற்கு இடமில்லை.

மேடுகளிலிருந்து செங்கல்

உற்பத்தி என்றால் இரும்பு வேலை மட்டுமல்ல. தங்கவயலுக்குச் செல்வோர் கண்ணில் முதலில் படுவன சாம்பல் நிறக் குன்றுகள். ஊரார் இவற்றைச் சயனைடு மேடுகள் என்பர். பொன் பிரித்தெடுத்தபின் எஞ்சிய பாறைத்தூள், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன், இங்கே குவிந்துள்ளது. காற்றடிக்கும் மாதங்களில் அது வீடுகளுக்குள் புகுந்து மக்களை வருத்துகிறது. தங்கவயலில் 1988-இல் நிறுவப்பட்ட தேசியப் பாறை யந்திரவியல் நிலையத்தின் விஞ்ஞானிகள் இத்தூளைக்கொண்டு செங்கல் செய்து பார்த்து, 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். 20 சதவீதம் சிமெண்டு கலந்து 14 நாள் நீரில் பதம் செய்த கற்கள் போதிய வலிமை பெற்றன. கரிசல் மண்ணும் செம்மண்ணும் கலந்து சூளையில் சுட்ட கற்களோ செலவில் சிக்கனமாக இருந்தன.

பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 2024 ஜூன் மாதத்தில், 13 மேடுகளில் மீண்டும் தாது எடுக்கும் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. அந்த வேலை நடந்தாலும் தூள் மறைந்துவிடாது. பொன் போனபின் மீண்டும் தூளாகவே வேறோரிடத்தில் கொட்டப்படும். ஆகவே செங்கல் ஆய்வுக்கு உயிர் உண்டு. ஆனால் ஆர்வத்தால் எவரும் மேட்டிலிருந்து அள்ளிவந்து சூளை போடலாகாது. சயனைடும் ஆர்செனிக்கும் கல்லிலிருந்து கரைந்து வெளிவராமையைப் பரிசோதனைச் சாலை உறுதி செய்யவேண்டும். நிலத்துக்கு உரியவரின் அனுமதியும் வேண்டும். இந்த எச்சரிக்கையை மக்களுக்குச் சொல்வதும் களப்பணியாளரின் கடமையே.

வகுப்பறையில் தொடங்கலாம்

இன்றைய முத்தேனஹள்ளி சிக்கபள்ளாபூர் மாவட்டத்தில் உள்ளது. விசுவேசுவரய்யா பிறந்தது அங்கேதான். முன்னர் நெடுங்காலம் அது கோலார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஒவ்வோர் ஊரும் தான் என்ன செய்கிறது என்பதைக் கணக்கெடுத்து, அதை வளர்க்க வேண்டும் என்று அவர் இடைவிடாமல் வற்புறுத்தினார். 1941-இல் அகில இந்திய உற்பத்தியாளர் அமைப்பையும் தொடங்கினார். கணக்கெடுப்பு என்றதும் பெரிய அலுவலகத்தை நினைக்க வேண்டியதில்லை. ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு அதைச் செய்யக்கூடும்.

மாணவர் இருவர் இருவராக, ஆசிரியரின் கடிதத்துடன், பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களின் பட்டறைகளுக்குச் செல்லட்டும். பங்காருபேட்டை, ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை ஆகிய இடங்களில் இதற்குப் பஞ்சம் இராது. கேட்க வேண்டியவை சிலவே: என்ன யந்திரங்கள் உள்ளன? கடைசல் யந்திரத்தில் எவ்வளவு நீளம், எவ்வளவு விட்டம் வரை கடையலாம்? எந்த உலோகத்தில் வேலை செய்கிறார்கள்? எந்தக் கருவியால் அளக்கிறார்கள்? கடைசியாக அக்கருவி சரிபார்க்கப்பட்டது எப்போது? உத்யம் பதிவு உண்டா? வருமானத்தைக் கேட்க வேண்டாம். கேட்டால் மறுமுறை கதவு திறக்காது. விடைகளைத் தெருவாரியாக எழுதி, உரியவரின் சம்மதத்துடன், ஒரு படியை மாவட்டக் கைத்தொழில் மையத்திற்கும் மற்றொன்றை ஆலைகளின் துணைத்தொழில் பிரிவுக்கும் களப்பணியாளர் கொண்டுசேர்க்கலாம். இன்ன பட்டறையில் இன்ன வேலை முடியும் என்பதே பல கொள்முதல் அதிகாரிகளுக்குத் தெரிவதில்லை.

இதனோடு இயற்பியல் பாடத்தையும் இணைக்கலாம். பட்டறையிலிருந்து ஒரே அளவில் கடைந்த பத்துப் பின்களை இரவல் பெற்று வந்து, ஒவ்வொன்றையும் பத்து மாணவர் திருகு அளவியால் அளந்து, பிறர் விடையைப் பாராமல் எழுதட்டும். நூறு எண்கள் கிடைக்கும். ஒரே பின்னைப் பத்துப் பேர் அளந்ததில் உள்ள வேறுபாடு, அளப்பவரின் பிழை. பத்துப் பின்களின் சராசரிகளுக்குள் உள்ள வேறுபாடு, பெரும்பாலும் பட்டறையின் பிழை. முதலாவது பெரிதாக இருந்தால் பட்டறையைக் குறை கூற வகுப்பிற்கு உரிமையில்லை. திருகைப் பிடிக்கும் கையைத் திருத்திக்கொண்டு மறுபடி அளக்க வேண்டும். இரண்டையும் கரும்பலகையில் பிரித்து எழுதி, அந்தத் தாளைப் பின்களுடன் பட்டறைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம். தன் வேலையின் அளவு ஒரு தாளில் எழுதப்பட்டிருப்பதை அவர்களுள் பலர் அன்றுதான் முதன்முறையாகக் காண்பர்.